பேச்சைக் கேட்டு வாங்கிய படங்கள்

அழைப்பு அப்போதெல்லாம் அஞ்சலட்டையில் வரும். ஒரு பக்கம் நம் முகவரி. மறுபக்கம் சைக்ளோஸ்டைல் மை கொஞ்சம் ஈஷிய எழுத்தில் இடம், நாள், நேரம், பேசுகிறவர் பெயர், கடைசி வரியில் தேநீர் உண்டு என்ற உறுதிமொழி. எண்பதுகளின் சென்னையில், புகைப்படத்தைக் கல்யாண ஆல்பத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் அப்பால் ஒரு கலையாக நினைத்த எங்கள் சிறு கூட்டத்துக்கு அந்த அட்டை வந்துவிட்டால் அந்த வாரமே களைகட்டிவிடும். கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமி, கல்லூரிச் சாலையில் அலியான்ஸ் பிரான்சேஸ், மவுண்ட் ரோட்டில் பிரிட்டிஷ் கவுன்சில், ஜெமினி பக்கம் அமெரிக்கத் தூதரக நூலகம், பிறகு மாக்ஸ் முல்லர் பவன் என்று ஊருக்குள்ளேயே உலகம் சுற்றப் பல்லவன் பஸ் டிக்கெட் போதும். ஆபீஸ் விட்ட கையோடு, காலி டிபன் பாக்ஸ் பையில் குலுங்க, ஆறு மணிக்குள் ஓடிச் சேர்ந்து இரண்டாவது வரிசையில் இடம் பிடித்துவிட்டால், வரவேற்புரை சொல்ல வந்தவர் மைக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தத்திலேயே மனது நிறையத் தொடங்கிவிடும். உங்களில் யாராவது அந்தக் கூட்டங்களுக்கு வந்தவராக இருந்தால், பக்கத்து நாற்காலியில் இருந்தது நானாகக்கூட இருக்கலாம்.

விளக்கு அணையும். ஸ்லைடு புரொஜெக்டரின் விசிறி இரைய ஆரம்பிக்கும். வட்டத் தட்டில் அடுக்கியிருக்கும் ஸ்லைடுகள் ஒவ்வொன்றாக டக்கென்று விழும்; ஒரு கணம் வெறும் திரை, அப்புறம் படம். எந்தக் கூட்டமானாலும் ஒரு ஸ்லைடாவது தலைகீழாக வரும். அரங்கமே ஒருசேரக் கழுத்தைச் சாய்க்கும், பின்வரிசையில் சிரிப்பு எழும். "எடுக்க வேண்டாம், கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்," என்றார் ஒரு பேச்சாளர். "இப்போது அது மரமும் இல்லை, மனிதனும் இல்லை. எங்கே கனம் இருக்கிறது, எங்கே வெளிச்சம் ஓடுகிறது, அதை மட்டும் பாருங்கள்." அன்று கற்றுக்கொண்டதை இன்றுவரை விடவில்லை. எந்தப் படத்தை வாங்குவதென்றாலும் முதலில் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பேன்; கடைக்காரர்களும் இப்போது பழகிவிட்டார்கள்.

இன்றைக்குத் தலைகீழ் ஸ்லைடு என்ற பேச்சே இல்லை. லண்டனில் ஒருவர் பேசுவதை வீட்டுச் சோபாவில் சாய்ந்தபடி கேட்கிறேன். "என் குரல் கேட்கிறதா, திரை தெரிகிறதா" என்று அவர் தொடங்கும்போது, முன்பு மைக்கைத் தட்டிப் பார்த்தவரின் பேரன்தான் இவர் என்று தோன்றும், சந்தோஷமாக இருக்கும். படம் கண்ணாடிபோலத் துல்லியம். கேள்வி கேட்கக் கை தூக்க வேண்டியதில்லை, கூச்சப்படுகிறவர்களும் எழுதிக் கேட்டுவிடுகிறார்கள். ஆனால் பேச்சு முடிந்ததும் ஒரு பொத்தானை அமுக்கியதில் எல்லோரும் ஒரே நொடியில் காணாமல் போய்விடுகிறோம். பேச்சின் சரிபாதி அதற்கப்புறம்தான் நடக்கும் என்பது, டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் நின்றவர்களுக்குத் தெரியும்.

ஒரு பேச்சை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆன்செல் ஆடம்ஸின் 'மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ்' படத்தை எத்தனையோ காலண்டர்களில் பார்த்திருப்பீர்கள். நியூ மெக்சிகோவில் ஒரு சிற்றூர், மண் வீடுகள், சின்ன தேவாலயம், கல்லறைச் சிலுவைகளின் மேல் சாயும் கடைசி வெயில், மேலே நிலா. 1941 நவம்பர் 1ஆம் தேதி மாலை என்று வானியல் அறிந்தவர்கள் நிலா நின்ற இடத்தை வைத்துக் கணக்குப் போட்டு நாளைக்கூடச் சொல்லிவிட்டார்கள். ஆடம்ஸ் காரை நிறுத்தி, கேமராவை இறக்கி, லைட் மீட்டரைத் தேடுகிறார், கிடைக்கவில்லை. நிலாவின் பிரகாசம் எவ்வளவு என்பது அவருக்கு மனப்பாடம். அதிலிருந்து கணக்கிட்டு ஒரு நெகட்டிவ் எடுக்கிறார். இன்னொன்று எடுப்பதற்குள் சிலுவைகளில் இருந்த வெயில் போய்விட்டது. இந்தக் கதையைச் சொல்லிவிட்டுப் பேச்சாளர் திரையில் ஒரே நேரத்தில் இரண்டு படங்களைப் போட்டார். இடது பக்கத்தில், ஆரம்ப காலத்தில் போட்ட பிரிண்ட்: வானம் சாம்பல் நிறம், அதில் மெல்லிய மேகக் கீற்றுகள். வலது பக்கத்தில், பல வருஷம் கழித்து அவரே போட்ட பிரிண்ட்: மேகமெல்லாம் கரைந்து, வானம் முழுக்கக் கருமை, நிலா தனியாகத் தகதகக்கிறது. நெகட்டிவ் ஒன்றேதான். முன்புறத்தை இன்னும் எடுப்பாக்க வேண்டுமென்று 1948இல் அந்த நெகட்டிவின் அடிப்பகுதியை மட்டும் ரசாயனத்தால் பலப்படுத்தினாராம். பியானோ வாசிக்கத் தெரிந்த ஆடம்ஸ், நெகட்டிவ் என்பது சுரக்குறிப்பு, பிரிண்ட் என்பது அதை வாசித்துக் காட்டுவது என்று சொல்லி வந்தார். கச்சேரி கேட்டு வளர்ந்த மயிலாப்பூர்க் கூட்டத்துக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. என் பக்கத்திலிருந்த பெரியவர், "அதே கிருதி, இருபது வயசுல ஒரு பாட்டு, எழுபதுல ஒரு பாட்டு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது எனக்குள் ஏதோ இடம் மாறியிருந்தது. அதுவரை நான் படங்களை விரும்பினேன். அதற்குப் பிறகுதான் காகிதத்தை விரும்ப ஆரம்பித்தேன்.

எங்கள் கூட்டங்களில் பேச்சு முடிந்ததும் ஒரு வழக்கம் இருந்தது. பேச வந்தவர் உள்ளூர்க்காரராக இருந்தால், பிரவுன் காகித உறையிலிருந்து பிரிண்டுகளை எடுத்துக் கையிலேயே கொடுத்துவிடுவார். ஓரத்தை மட்டும் பிடிக்க வேண்டும், மூச்சுப் படக்கூடாது, அடுத்தவரிடம் இரண்டு கையாலும் தர வேண்டும். அப்படித்தான் வேதாரண்யத்து உப்பளப் படம் ஒன்று என் கைக்கு வந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அங்குலம், கறுப்பு வெள்ளை. வரிசையாக உப்புக் குவியல்கள், தலையில் கூடையோடு ஒரு பெண், அவள் காலடியில் மதிய நேரத்துக் குட்டை நிழல். வெள்ளைக்குள் வெள்ளையாக உப்பின் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரிந்தது. படம் எடுத்தவர் அதைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். விளக்கொளி பக்கவாட்டில் பட்டதும் வானத்தில் மூன்று நான்கு இடங்களில் பளபளப்புக் குறைந்த சின்னப் புள்ளிகள். நெகட்டிவில் தூசி விழுந்த இடங்களை மெல்லிய பிரஷால் தொட்டுத் தொட்டு அவர் நிரப்பியிருந்தார். வலது மூலை மட்டும் ஏன் இவ்வளவு இருட்டு என்று கேட்டேன். என்லார்ஜருக்குக் கீழே கையை வைத்திருந்த விதத்தை அந்தரத்தில் செய்து காட்டினார்: இடது உள்ளங்கையால் படத்தின் பெரும்பகுதியை மறைத்து, விரலிடுக்கின் வழியாக அந்த மூலைக்கு மட்டும் கூடுதலாக வெளிச்சம் விட்டிருக்கிறார். "கையை ஆட்டிக்கிட்டே இருக்கணும் தம்பி. நிறுத்தினா விரல் விழுந்துரும் படத்துல."

அந்தப் பிரிண்டை வாங்கினேன். ஒரே தவணையில் தர என்னிடம் பணம் இல்லை. சம்பளத் தேதியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறேன் என்றதற்கு, "படத்தை இன்னிக்கே எடுத்துட்டுப் போங்க, பணம் அதுவா வரும்," என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டியபோது அம்மா நிதானமாகப் பார்த்துவிட்டு, "கலர்ல கிடைக்கலையாடா?" என்றாள். அந்தப் பெண்ணின் இடுப்புக் கொசுவத்தைப் பார்த்ததும் அவள் குரல் மாறியது. வேலை செய்கிற பெண் அப்படித்தான் செருகியிருப்பாள், படம் எடுத்தவன் அதைச் சரிசெய்யச் சொல்லாமல் விட்டானே, நல்லவன்தான் என்றாள். நான் கேட்ட விமர்சனங்களிலேயே உயர்ந்தது அதுதான்.

அந்தக் காகிதமும் நம் ஊர்க் காகிதம். உதகமண்டலத்தில் இந்திய அரசு 1960இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' பிராண்டு பிலிமும் பிரோமைடு பேப்பரும் தமிழ்நாட்டு ஸ்டுடியோக்கள் எல்லாவற்றிலும் இருந்தன. ஆலை இருந்த பகுதிக்கே இந்து நகர் என்று பெயர். வெளிநாட்டுப் பேப்பர் கிடைத்தவர்கள் அதைப் பொக்கிஷமாக வைத்திருந்தார்கள் என்றாலும், தினசரிச் சோறு போட்டது உதகைதான். டெவலப்பர் தட்டில் வெற்றுக் காகிதத்தைப் போட்டு, சிவப்பு விளக்கில் ஆட்டிக்கொண்டே இருக்கும்போது, முதலில் முடியும் கண்ணும், பிறகு முகமும் மெல்ல மேலெழுந்து வருவதை ஒருமுறை பார்த்தவர்கள் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார்கள். அப்புறம் படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ, அதற்கப்புறம் தண்ணீர். அந்தத் தண்ணீரில்தான் சென்னையின் கதை இருக்கிறது. ஹைப்போ முழுக்கப் போக வேண்டுமென்றால் பிரிண்டை ஓடும் நீரில் ஒரு மணி நேரமாவது கழுவ வேண்டும். குழாயில் காற்று வந்த வருஷங்களில், லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற தெருக்களில், யார் கழுவுவது? மிச்சம் நின்ற ஹைப்போ பல வருஷம் கழித்து மஞ்சளாகவும் பழுப்பாகவும் வெளியே வரும். பழைய பிரிண்டர் ஒருவர் என் அலமாரியைப் பார்த்துவிட்டு, இது மழை பெய்த வருஷம், இது பஞ்ச வருஷம் என்று ஓரத்துக் கறையை வைத்தே பிரித்துக் காட்டினார்.

அருங்காட்சியகப் பேச்சுகள் வேறு ரகம். காட்சிக்கூடங்களில் படம் எடுத்தவர் பேசுவார். அருங்காட்சியகத்தில் படத்தைக் காப்பாற்றியவர் பேசுவார். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் வரிசையாகக் கைகோத்துப் போயிருப்போம். திமிங்கிலத்தின் எலும்புக்கூடும் வெண்கல நடராஜரும் யாருக்குத்தான் நினைவில்லை. இந்தியப் புகைப்படக் கலையின் தொடக்க அத்தியாயங்களில் ஒன்று அந்த வளாகத்திலேயே எழுதப்பட்டது என்பதை எனக்குச் சொன்னது ஒரு பேச்சுதான். லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ கேப்டன், சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரர், 1858இல் அங்கே இருந்த அமராவதிச் சிற்பங்களை வரிசையாகப் படம் எடுத்தார். அடுத்த வருஷம் அந்தச் சிற்பங்கள் கப்பலேறி லண்டன் போய்விட்டன. இங்கே அவை இருந்ததற்கு அந்தக் காகிதங்கள் சாட்சி.

டிரைப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. 1857 டிசம்பரில் சாமான்களை மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு கிளம்பி, அடுத்த ஏப்ரலுக்குள் ஸ்ரீரங்கம், திருச்சி, தஞ்சாவூர், திருவையாறு, புதுக்கோட்டை, மதுரை என்று தெற்கே சுற்றி வந்தார். கைப்பெட்டி கேமரா எல்லாம் அப்போது கிடையாது. பிரிண்ட் எந்த அளவு வேண்டுமோ அந்த அளவுக்கு நெகட்டிவ் இருக்க வேண்டும், அதற்கேற்ற அளவுக்குக் கேமரா இருக்க வேண்டும். அவர் பெரும்பாலும் மெழுகு பூசிய காகித நெகட்டிவையே பயன்படுத்தினார். அன்றைய ரசாயனத்துக்கு நீல நிறம் என்றால் மட்டும் அதீத உணர்ச்சி. கோபுரம் சரியாகப் பதிவதற்குள் வானம் வெந்து வெள்ளையாகிவிடும். அதற்காக அவர் நெகட்டிவின் மேலேயே மையால் மேகங்களைத் தீட்டினார். இன்று மென்பொருளில் வானத்தை மாற்றுகிறார்கள் என்று அங்கலாய்ப்பவர்களிடம் இந்த மேகங்களைக் காட்டுவேன். 165 வருஷத்துக்கு முன்பே மதுரைக்கு மேலே கையால் வரைந்த மேகம் மிதந்திருக்கிறது, அழகாகவும் இருக்கிறது.

அவர் செய்ததில் என் மனதை அடியோடு பறித்தது தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டு. கோயிலைச் சுற்றி ஓடும் அந்தத் தமிழ் எழுத்துகளை, கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி, 19 அடிக்கு நீளும் ஒரே படமாக்கினார். அவருக்குத் தமிழ் எழுத்துகளைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் ஒரு வரியும் அறுந்துவிடக் கூடாது என்ற கவனம் அதில் தெரிகிறது. இதைச் செய்த மனிதரின் வேலையை, 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன் அரசாங்கத்துக்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரம் என்று நிறுத்திவிட்டார். கலைக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் கத்தரி விழுவது அன்றே தொடங்கிவிட்டது.

நான் முதலில் அந்தத் தஞ்சைக் கல்வெட்டைப் பார்த்தது ஸ்லைடில், அதுவும் புத்தகத்திலிருந்து மறுபடி எடுத்த ஸ்லைடு. திரையில் எழுத்துகள் எறும்பு வரிசைபோல மங்கலாகத் தெரிந்தன; பேச்சாளர் சொன்னதை நம்பித்தான் வியந்தோம். 2014இல் வாஷிங்டனிலும் அதற்கடுத்த வருஷம் நியூயார்க்கிலும் லண்டனிலும் டிரைப்பின் படங்களைப் பெரிய கண்காட்சியாக வைத்தார்கள். இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலிருக்கும் அவர் படங்களை என் கைபேசியில் விரலால் விரித்து விரித்துப் பார்க்கிறேன். தூணின் நிழலில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது, ஏதோ ஒரு மண்டபத்தின் தரையில் கிடக்கும் கயிறு, எல்லாம் தெரிகிறது. எண்பதுகளில் இதற்காக நாங்கள் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்போம். என்ன, கைபேசியில் எல்லாப் படமும் ஒரே அளவு. 19 அடிக் கல்வெட்டும் என் அக்காள் மகன் அனுப்பிய இட்லிப் படமும் அதே உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகின்றன. 19 அடி என்பது நடந்து பார்க்க வேண்டிய நீளம்.

அதனால்தான் சென்னையில் 2016இல் போட்டோ பினாலே தொடங்கியபோது எனக்கு ஊரே திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. 2019இல் அதன் இரண்டாம் பதிப்பைக் கலைஞர் புஷ்பமாலா நெறிப்படுத்தினார். கடற்கரைச் சாலையில் கட்டடக் கலைஞர் சிஷோம் கட்டிய செனட் ஹவுஸின் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களுக்குக் கீழே படங்கள் தொங்கின. பட்டம் வாங்க மட்டுமே போகக்கூடிய இடம் என்று நாங்கள் நினைத்திருந்த மண்டபத்தில் கல்லூரிப் பிள்ளைகள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பேச்சுக் கேட்டார்கள். எங்கள் நாளில் நாற்பது பேர் வந்தாலே பெரிய கூட்டம். புஷ்பமாலாவே 2000க்குப் பிறகு கிளேர் ஆர்னியோடு சேர்ந்து செய்த 'தென்னிந்தியப் பெண்கள்' வரிசையில், ரவி வர்மா ஓவியத்துப் பெண்ணாகவும் பழைய இனவரைவியல் படத்துப் பெண்ணாகவும் வேஷம் கட்டி, திரை தொங்கும் ஸ்டுடியோவில் நின்று, நம்மை யார் எப்படியெல்லாம் படம் பிடித்து வைத்தார்கள் என்று நம்மிடமே கேட்டவர். அந்தப் படங்களுக்கு முன்னால் நின்று விவாதிக்கிற இருபது வயதுப் பெண்கள் கேட்கும் கேள்விகளை எங்கள் தலைமுறை கேட்கவே இல்லை. யார் எடுத்தது, எந்த லென்ஸ் என்று கேட்டோம். இவர்கள், படத்தில் இருப்பவரிடம் அனுமதி வாங்கினார்களா, அவருக்குப் பெயர் ஏன் போடவில்லை என்று கேட்கிறார்கள். என் உப்பளத்துப் பெண்ணுக்கும் பெயர் இல்லை. அதை வாங்கிய நாளில் நான் கேட்டிருக்கலாம், படம் எடுத்தவருக்கும் தெரிந்திருக்கலாம். அந்தக் கேள்வி அப்போது எங்கள் யார் வாயிலும் பிறக்கவில்லை.

சேகரிப்பது இன்று ஒழுங்குக்கு வந்திருக்கிறது. படத்தின் கீழே பென்சிலில் 3/10 என்று எழுதியிருந்தால் பத்துப் பிரிண்டுகளில் இது மூன்றாவது, அதற்குமேல் போட மாட்டோம் என்று வாக்கு. கூடவே சான்றிதழ், என்ன காகிதம், என்ன மை என்ற விவரம், பக்கத்தில் க்யூஆர் கோடு. பருத்திக் காகிதத்தில் நிறமி மையால் எடுக்கும் இன்றைய பிரிண்ட், நன்றாக வைத்துக்கொண்டால் நம் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் நிறம் மாறாது என்கிறார்கள். ஒன்று போலவே பத்தும் இருக்கும். ஆடம்ஸ் அந்த நிலாப் படத்தை வாழ்நாளில் 1,300க்கும் மேல் பிரிண்ட் போட்டார். எந்த வரம்பும் வைக்கவில்லை. இருந்தும் 2006இல் அதில் ஒன்று ஏலத்தில் 6 லட்சத்து 9 ஆயிரத்துச் சொச்சம் டாலருக்குப் போனது. மான் ரே எடுத்த ஒரு பெண்ணின் முதுகுப் படம் 2022இல் 1 கோடியே 24 லட்சம் டாலரைத் தொட்டது. இந்த எண்களைக் கேட்டுவிட்டுச் சேகரிக்க வருகிற இளைஞர்கள் இப்போது எதை வாங்கினால் விலை ஏறும் என்று கேட்கிறார்கள். தெரியாது என்பேன். ஒருவர் பேசுவதை ஒரு மணி நேரம் கேளுங்கள், அதற்கப்புறமும் அந்தப் படம் கண்ணை விட்டுப் போகவில்லையென்றால், கையில் எவ்வளவு இருக்கிறதோ அதற்குள் வருவதை வாங்குங்கள் என்பேன். பின்பக்கத்தைப் பாருங்கள், கையெழுத்து, ஸ்டுடியோ முத்திரை, பழைய உரிமையாளரின் குறிப்பு எல்லாம் அங்கேதான் இருக்கும்.

வாங்குவதைவிடக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை, அதுவும் கடலோர ஊரில். வெள்ளித்துகளைக் காகிதத்தில் பிடித்துவைத்திருப்பது ஜெலட்டின். பூஞ்சைக்கு அது விருந்து. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். சென்னையில் அது சாதாரண நாள். படத்தை வெளிச்சுவரில் மாட்டக் கூடாது, கண்ணாடியில் ஒட்டக் கூடாது, நடுவில் அட்டையால் இடைவெளி வேண்டும், அந்த அட்டையில் அமிலம் இருக்கக் கூடாது. பெரிய படிப்பாளிகளின் பேச்சுகளில் கேட்ட இதையெல்லாம் எங்கள் தெருவில் சாமி படத்துக்குச் சட்டம் போடுபவருக்குச் சொல்லி, அவரும் நானும் சேர்ந்தே கற்றுக்கொண்டோம். வண்ணப் படத்தின் கதி இன்னும் பரிதாபம். உங்கள் வீட்டில் எண்பதுகளின் கல்யாண ஆல்பம் இருந்தால் எடுத்துப் பாருங்கள்; மணமேடை, மாலை, மாப்பிள்ளை, வாழைமரம் எல்லாம் செக்கச்செவேல் என்று ஆகியிருக்கும். அந்தக் காலத்து வண்ணப் பேப்பரில் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் வைத்திருந்தால்கூட முதலில் வெளிறிவிடும், மிஞ்சுவது சிவப்பு. அதற்கும் முந்தைய தாத்தா பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படம், நன்றாகக் கழுவியிருந்தால், இன்றும் திடமாக இருக்கும். கலரில் கிடைக்கவில்லையா என்று கேட்ட அம்மாவிடம் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். "அட, ஆமாம்," என்றாள்.

எனக்கு உண்மையில் தூக்கம் கெடுவது ஸ்டுடியோக்களை நினைத்து. கொல்கத்தாவின் போர்ன் அண்ட் ஷெப்பர்டு 1991 தீயில் பெரும்பகுதியை இழந்து, 2016இல் மூடியபோது பத்திரிகைகள் எழுதின. நம் கடைவீதிகளில் மூடிய ஸ்டுடியோக்களுக்கு யாரும் இரங்கல் எழுதவில்லை. மலையும் ஏரியும் வரைந்த திரை, பூந்தொட்டி வைக்கும் முக்காலி, "தலையைக் கொஞ்சம் சாய்ங்கம்மா" என்ற குரல். அதோடு பரண்மேல் மரப்பெட்டிகளில் கண்ணாடி நெகட்டிவ்கள். சுரண்டினால் வெறும் கண்ணாடி, ஜன்னலுக்கு ஆகும் என்று பழைய சாமான்காரரிடம் போனவை எத்தனையோ. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு, தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் இப்படிப்பட்ட படங்களைத் தேடிப்போய் மின்பதிவு செய்தது. அந்தச் செட்டிநாட்டு ஆச்சிகளையும் மீசை முறுக்கிய கிராம அதிகாரிகளையும் இப்போது யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பெங்களூரில் 2023இல் திறந்த கலை, புகைப்பட அருங்காட்சியகமும் தில்லியில் அல்காசி அறக்கட்டளையும் பெரிய அளவில் சேர்த்து வைத்திருக்கின்றன. ஆனாலும் ஒரு தெருவின் முகங்களை அந்தத் தெருக்காரர்தான் அடையாளம் சொல்ல முடியும். அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

அதனால் இப்போது பேச்சு எங்கள் மாடியிலேயே நடக்கிறது. தெரிந்தவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு, கடைசி வரியில் தேநீர் உண்டு. வருகிறவர் தன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பழைய படத்தைக் கொண்டுவர வேண்டும், அதைப் பற்றிக் கால் மணி நேரம் பேச வேண்டும், பிறகு அது கைமாறிக் கைமாறிச் சுற்றிவர வேண்டும். போன கூட்டத்துக்கு எதிர்வீட்டு அக்கா தங்கை இருவரும் ஒரு ஸ்டுடியோப் படத்தோடு வந்தார்கள். வட்டமான ஓரம், அட்டையில் புடைத்த முத்திரை, நாற்காலியில் ஒரு பெண், பக்கத்தில் ரேடியோ.

"இது நம்ம சின்னம்மா, கல்யாணத்துக்கு முன்னாடி," என்று தொடங்கினார் அக்கா.

"சின்னம்மா எங்கேக்கா ரேடியோ பக்கத்துல உக்காந்தா? காரைக்குடி அத்தைதான் இது. அந்த எட்டுக்கல் பேசரியப் பாரு."

"பேசரிய வாங்கிப் போட்டுக்கிட்டு எடுத்திருப்பா. பார்டரைப் பாருடி, அது சின்னம்மாவோட மாம்பழக் கலர்."

கறுப்பு வெள்ளைப் படத்தில் மாம்பழக் கலரை இருவருமே சந்தேகமில்லாமல் பார்த்தார்கள். உருப்பெருக்கும் லூப்பைக் கொடுத்தேன், வாங்கி மாறி மாறிப் பார்த்தார்கள். மாடியிலிருந்த எல்லோரும் இரண்டு கட்சியாகப் பிரிந்து, ரேடியோ எந்த வருஷத்து மாடல், அந்த ஸ்டுடியோ எந்தத் தெருவில் இருந்தது என்று கிளம்பி, எட்டரை மணி வரை பேச்சு ஓயவில்லை. படத்தின் பின்னால் மெல்லிய பென்சிலால் இரண்டு பேரையும் எழுதி, நடுவில் ஒரு கேள்விக்குறி போட்டுக் கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதம் காரைக்குடியிலிருந்து அவர்களுடைய மாமா வருகிறாராம், அவரையும் மாடிக்கு அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.